இரண்டாவது ரூட்டர்: முகவரி கொடுக்கும் வேலை ஒன்றிடமே இருக்கட்டும்

நம் ஊர் மாடி வீடுகளில் ஃபைபர் பெட்டி பெரும்பாலும் கீழ்த்தளத்து ஹாலில், கேபிள் உள்ளே வரும் சுவரோரம்தான் மாட்டப்பட்டிருக்கும். அதன் வைஃபை, கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடி அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி செத்துவிடும். முந்தைய இணைப்புக்காக வாங்கிய ரூட்டர் ஒன்று பரணில் கிடந்தால், கீழிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்து அதை மாடியில் செருகிவிட்டால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். செருகியதும் கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாக ஓடவும் செய்யும். தொல்லை அப்புறம்தான் ஆரம்பிக்கும். மாடியில் ஃபோன் வைஃபையில் இருப்பதாகக் காட்டும், ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. கீழே டிவியில் ஓடிக்கொண்டிருந்த படம் நின்று நின்று வரும். லேப்டாப்பில் ‘இந்த நெட்வொர்க்கில் வேறொரு கணினிக்கும் இதே ஐபி முகவரி இருக்கிறது’ என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை எட்டிப் பார்க்கும். ரூட்டரின் அட்மின் பக்கத்தைத் திறந்தால் ஒருமுறை கீழ்ப் பெட்டியின் பக்கம் வரும், மறுமுறை மாடி ரூட்டரின் பக்கம் வரும். மாடிக் கேபிளைப் பிடுங்கியதும் எல்லாம் சரியாகிவிடுவதால் பழி பழைய ரூட்டர் மேல் விழுகிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கி வந்து செருகினாலும் அதே கதைதான் நடக்கும், ஏனென்றால் பழுது எந்தப் பெட்டியிலும் இல்லை.

ரூட்டர் என்று நாம் சொல்லும் பெட்டி உண்மையில் நான்கு வேலைகளைச் செய்கிறது. வீட்டுக்கும் வெளி இணையத்துக்கும் நடுவே நின்று இரு பக்கத்துப் போக்குவரத்தையும் மாற்றிவிடுவது முதல் வேலை. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி வழங்குவது இரண்டாவது. இதைச் செய்யும் பகுதிக்கு டிஹெச்சிபி சர்வர் என்று பெயர். பின்னால் இருக்கும் லேன் போர்ட்டுகளை ஒன்றோடொன்று இணைப்பது மூன்றாவது. வைஃபை ஒலிபரப்பு நான்காவது. மாடி அறைக்கு வேண்டியது கடைசி இரண்டு மட்டுமே. முதல் இரண்டையும் கீழ்ப் பெட்டி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும் ரூட்டருக்கு, தான் இரண்டாவதாக வந்து சேர்ந்திருக்கிறோம் என்பது தெரியாது. தான்தான் இந்த வீட்டின் ஒரே ரூட்டர் என்ற நினைப்பிலேயே நான்கு வேலைகளையும் தொடங்கிவிடும். ஐபி மோதல் என்று திரையில் தெரிவது இதன் விளைவு. ஆகவே மோதிய எண்ணை மட்டும் மாற்றிவிட்டுத் தப்பிக்கப் பார்ப்பது வைத்தியம் ஆகாது. இரண்டாவது ரூட்டரை ரூட்டராக இருக்கவிடாமல் செய்வதே வைத்தியம். எதற்காக இவ்வளவு கறாராகச் சொல்ல வேண்டும் என்பதைப் பார்த்துவிட்டுச் செய்முறைக்குப் போவோம்.

வீட்டுக்குள் புழங்கும் முகவரிகள் உலகுக்குப் பொதுவானவை அல்ல. 1996 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற இணைய ஆவணம், யாரும் யாரிடமும் கேட்காமல் உள்ளுக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று மூன்று முகவரித் தொகுதிகளை ஒதுக்கியது: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை, 192.168 என்று தொடங்குபவை. கடைசித் தொகுதியில் மட்டும் 65,536 முகவரிகள் உண்டு. இவ்வளவு இடம் இருந்தும் ரூட்டர் செய்யும் நிறுவனங்கள் ஒரு சில எண்களையே சுற்றிச் சுற்றி வருகின்றன. டி-லிங்க், டெண்டா ரூட்டர்களும் டிபி-லிங்க் ரூட்டர்களில் பலவும் 192.168.0.1 என்ற முகவரியோடு வருகின்றன. லிங்க்சிஸ், நெட்கியர், நம் ஊர் ஃபைபர் பெட்டிகளில் பெரும்பாலானவை எல்லாம் 192.168.1.1. விலகி நிற்பவையும் சில உண்டு: ஜியோ ஃபைபர் பெட்டி 192.168.29.1, ஷாவ்மி 192.168.31.1, ஏசஸின் புதிய மாடல்கள் 192.168.50.1. ஆக, கீழே ஒரு 192.168.1.1, மாடியிலும் ஒரு 192.168.1.1 என்று அமைவது அபூர்வம் அல்ல. அப்படி அமையாமல் போனால்தான் அதிர்ஷ்டம்.

ஒரே எண் இரண்டு பெட்டிகளுக்கு இருந்தால் ஃபோன் யாரை நம்பும்? ஐபி முகவரியை வைத்துக்கொண்டு நேரடியாக எதையும் அனுப்ப முடியாது; அந்த எண்ணுக்கு உரிய பெட்டியின் மேக் முகவரியை, அதாவது அதன் வன்பொருள் எண்ணை, தெரிந்துகொண்டாக வேண்டும். அதற்கு 1982-இல் வகுத்த ஏஆர்பி என்ற முறைதான் இன்றும் பயன்படுகிறது. ‘192.168.1.1 யார்?’ என்று ஃபோன் நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கிறது. ‘நான்தான்’ என்று வரும் பதிலை அப்படியே குறித்து வைத்துக்கொள்கிறது. பதில் சொன்னவர் உண்மையானவர்தானா என்று சரிபார்க்க அதில் வழியே கிடையாது. இரண்டு பெட்டிகளும் ‘நான்தான்’ என்று சொன்னால் எந்தப் பதில் நிற்கிறதோ அதுதான் ஃபோனுக்குக் கேட்வே, அதாவது வெளியே போகும் வழி. குறிப்பு கொஞ்ச நேரத்தில் காலாவதியாகி ஃபோன் மறுபடி கேட்கும்போது பதில் மாறலாம். கீழ்ப் பெட்டியின் பதில் நின்றால் இணையம் வரும்; மாடி ரூட்டரின் பதில் நின்றால் வராது, ஏனென்றால் கேபிளை அதன் லேன் போர்ட்டில் செருகியிருந்தால் அதற்கென்று வெளியுலக இணைப்பு கிடையாது. வந்து வந்து போகும் இந்தத் தொல்லைக்கு வேறு மர்மம் எதுவும் இல்லை.

இதைவிடச் சிக்கலானது டிஹெச்சிபி. ஒரே டாக்டரைப் பார்க்க வந்தவர்களுக்கு இரண்டு மேசைகளில் இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு, ஒருவரை ஒருவர் கேட்காமல், ஆளுக்கு ஒரு கட்டு டோக்கனை 1-லிருந்து கிழித்துக் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கே ஆகிறது. ஒவ்வொரு சர்வரும் தான் கொடுத்த முகவரிகளை மட்டுமே தன் பதிவேட்டில் வைத்திருக்கும். மற்றது கொடுத்தவை அதற்குத் தெரியாது. நெட்வொர்க்கில் சேரும் கருவி ‘முகவரி யார் தருவீர்கள்?’ என்று பொதுவாகக் கேட்கும். பெரும்பாலும் முதலில் வந்த பதிலையே ஏற்றுக்கொள்ளும். கிடைத்த முகவரிக்குக் கெடு உண்டு. சில ரூட்டர்களில் இரண்டு மணி நேரம், பலவற்றில் ஒரு நாள். கெடுவில் பாதி கழிந்ததும் கருவி தனக்கு முகவரி கொடுத்த அதே சர்வரிடம் போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். அதாவது மாடி ரூட்டரிடம் ஒருமுறை மாட்டிக்கொண்ட ஃபோன், அந்த ரூட்டர் இருக்கும்வரை தவறான விவரங்களையே புதுப்பித்துக்கொண்டிருக்கும். இரண்டாவது ரூட்டரைச் செருகிய அன்று எல்லாம் ஓடுவதும், மறுநாள் காலையில் ஒவ்வொரு கருவியாகப் படுத்துக்கொள்வதும் இதனால்தான். நெட்வொர்க்கிலிருந்து விலகி மறுபடி சேரும்வரை முந்தைய நாளின் நல்ல முகவரிகள் கையில் இருந்தன, அவ்வளவே.

இன்றைய கருவிகள் மோதலைத் தாமே கண்டுபிடிக்குமே என்று கேட்கலாம். கண்டுபிடிக்கும்தான். முகவரி கிடைத்ததும் ‘இதை வேறு யாராவது வைத்திருக்கிறீர்களா?’ என்று கேட்டுப் பார்த்து, யாராவது இருந்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் முறை 2008-இல் ஆர்எஃப்சி 5227-ஆக வகுக்கப்பட்டது. ஆனால் அந்த நொடியில் அணைந்தோ தூங்கியோ கிடக்கும் லேப்டாப் பதில் சொல்லாது. தவிர, இந்தச் சோதனை இரட்டை எண்ணைத்தான் பிடிக்கும். தவறான கேட்வேயைப் பிடிக்காது. வீட்டில் நிஜமாகப் படுத்தும் பிரச்சினையோ இரண்டாவதுதான்.

சந்தேகத்தை உறுதிப்படுத்திக்கொள்ள எளிய வழி உண்டு. விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையை ‘ஆல்’ என்ற தெரிவோடு கொடுங்கள். வரும் பட்டியலில் இரண்டு வரிகள் முக்கியம்: டிஃபால்ட் கேட்வே, டிஹெச்சிபி சர்வர். இரண்டிலும் கீழ்ப் பெட்டியின் முகவரிதான் இருக்க வேண்டும். ஃபோனில் வைஃபை பெயரைத் தொட்டு விவரத்துக்குள் போனால் கேட்வே தெரியும். ஐஃபோனில் அது ‘ரூட்டர்’ என்ற வரியில் இருக்கும். கருவியின் சொந்த முகவரி 169.254 என்று தொடங்கினால் அதற்கு எந்த சர்வரிடமிருந்தும் முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். அது மோதல் அல்ல, வேறு நோய். இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே எண் என்றால் இந்தப் பட்டியலும் ஏமாற்றிவிடும், இரண்டு வரிகளிலும் 192.168.1.1 என்றே காட்டும். அப்போது செய்ய வேண்டிய சோதனை வேறு. கீழ்ப் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். ஃபோனில் மாடி வைஃபையை ‘மறந்துவிடு’ என்று கொடுத்துவிட்டு மறுபடி சேருங்கள். ‘ஐபி முகவரி பெறுகிறது’ என்ற இடத்திலேயே நின்று தோற்றால் மாடி ரூட்டர் முகவரி கொடுப்பதில்லை என்று அர்த்தம். உடனே சேர்ந்துகொண்டால் குற்றவாளி அகப்பட்டாயிற்று.

இப்போது பலரும் சொல்லும் சுருக்கு வழிக்கு வருவோம். மாடி ரூட்டரின் எண்ணை 192.168.1.2 என்று மாற்றிவிட்டால் மோதல் தீர்ந்துவிடாதா? திரையில் வரும் எச்சரிக்கை நின்றுவிடும். வீடு முன்பைவிட மோசமாகும். டிஹெச்சிபி சர்வர் முகவரியோடு கேட்வே எண்ணையும் சேர்த்தே கொடுக்கிறது. வீட்டு ரூட்டர்கள் வழக்கமாக அங்கே தம் சொந்த எண்ணையே போடும். முன்பு மாடி ரூட்டர் 192.168.1.1 என்று சொன்னபோது, அதிர்ஷ்டம் இருந்தால் அந்த எண் கீழ்ப் பெட்டியில் போய் முடிந்தது. இப்போது 192.168.1.2 என்று சொல்கிறது. அதை நம்பிய கருவிகள் எல்லாவற்றையும் வெளிவழியே இல்லாத ஒரு பெட்டிக்கு அனுப்புகின்றன. விட்டு விட்டு வந்த இணையம் அந்தக் கருவிகளுக்கு அடியோடு நின்றுபோகிறது. எண்ணை மாற்றுவது அவசியம்தான், ஆனால் அது பாதி வேலை. அந்தப் பாதியோடு நிறுத்தியவர்கள்தான் ‘சொன்னபடி செய்தேன், நெட் சுத்தமாகப் போய்விட்டது’ என்று புலம்புகிறார்கள்.

இன்னொரு யோசனை கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களிடமிருந்து வரும். கீழ்ப் பெட்டி 100 முதல் 149 வரை கொடுக்கட்டும், மாடி ரூட்டர் 150 முதல் 199 வரை கொடுக்கட்டும், இரண்டிலும் கேட்வே 192.168.1.1 என்று போட்டுவிடுவோம் என்பார்கள். இது வேலை செய்யும். பெரிய அலுவலகங்களில் ஒரு சர்வர் படுத்தால் மற்றது தாங்கட்டும் என்று இப்படி வைப்பதும் உண்டு. ஆனால் வீட்டில் கீழ்ப் பெட்டி படுத்தால் இணையமே இல்லை. அப்போது மாடி ரூட்டர் முகவரி கொடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பயன் இல்லாத இடத்தில் பராமரிக்க இரண்டு பதிவேடுகள் எதற்கு? ஒவ்வொரு கருவியிலும் கையால் நிலையான முகவரி போட்டுவிடலாம் என்பதற்கும் இதே பதில்தான். விருந்தாளியின் ஃபோனுக்கு யார் போடுவது?

செய்முறை கீழ்ப் பெட்டியில் தொடங்குகிறது, மாடி ரூட்டரில் அல்ல. இந்த ஒரு படியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். கீழ்ப் பெட்டியின் டிஹெச்சிபி பக்கத்தில் அது வழங்கும் முகவரிகளின் தொடக்கமும் முடிவும் இருக்கும். பல பெட்டிகளில் அது 192.168.1.2 முதல் 192.168.1.254 வரை, அதாவது இருப்பது அத்தனையும், என்று போடப்பட்டிருக்கும். அப்படியே விட்டுவிட்டு மாடி ரூட்டருக்கு 192.168.1.2 என்று வைத்தால், என்றோ ஒரு நாள் கீழ்ப் பெட்டி அதே எண்ணை ஒரு ஃபோனுக்குக் கொடுக்க முற்படும். எனவே முதலில் தொடக்கத்தை 192.168.1.100 என்றும் முடிவை 192.168.1.199 என்றும் சுருக்குங்கள். நூறு முகவரிகள் ஒரு வீட்டுக்குத் தாராளம். 2 முதல் 99 வரை நிலையான முகவரி தேவைப்படும் பெட்டிகளுக்கு என்று ஒதுங்கிவிடும். இங்கே சிசிடிவியை மறக்க வேண்டாம். டாஹுவா கருவிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 192.168.1.108 என்ற நிலையான எண்ணோடு வருகின்றன. மேலே சொன்ன நூறுக்குள் அது நேராக விழுகிறது. ஹிக்விஷனின் எண்ணான 192.168.1.64 இந்த ஏற்பாட்டில் தப்பிவிடும், ஆனால் அதே நிறுவனத்தின் இரண்டு கேமராக்களைப் பிரித்து அப்படியே மாட்டினால் அவை தமக்குள்ளேயே மோதும். கேமராப் பெட்டியையும் பிரிண்டரையும் 20, 21 என்று கீழே இறக்கிவிடுங்கள். அல்லது கீழ்ப் பெட்டியிலேயே மேக் முகவரியை வைத்து முகவரி ஒதுக்கீடு செய்யுங்கள். எல்லாக் கணக்கும் ஓரிடத்தில் இருக்கும் என்பதால் பின்னதே மேல்.

அடுத்து மாடி ரூட்டர். அதை இன்னும் வீட்டு நெட்வொர்க்கில் செருகாதீர்கள். தனியாக மேசையில் வைத்து, பின்புற ஓட்டையில் உள்ள ரீசெட் பொத்தானைப் பத்து நொடி ஊசியால் அழுத்திப் பழைய அமைப்புகளைத் துடைத்துவிட்டு, லேப்டாப்பைக் கேபிளில் இணைத்து அட்மின் பக்கத்துக்குள் போங்கள். வரிசை முக்கியம். முதலில் அட்மின் கடவுச்சொல், வைஃபை பெயர், வைஃபை கடவுச்சொல். பிறகு லேன் பக்கத்தில் ஐபி முகவரியை 192.168.1.2 என்றும் சப்நெட் மாஸ்க்கை 255.255.255.0 என்றும் மாற்றிச் சேமியுங்கள். சேமித்ததும் பக்கம் உறைந்து நின்றுவிடும். பிரவுசர் இன்னும் பழைய எண்ணிலேயே காத்திருப்பதுதான் காரணம். பயந்து ரீசெட் செய்துவிட வேண்டாம். லேப்டாப் கேபிளைக் கழற்றி மாட்டி, புதிய எண்ணில் மறுபடி உள்ளே போங்கள். டிஹெச்சிபி சர்வரை நிறுத்துவது கடைசியாகத்தான். முதலிலேயே நிறுத்திவிட்டால், கேபிளைக் கழற்றி மாட்டும்போது லேப்டாப்புக்கு முகவரி கொடுக்க ஆள் இருக்காது. ரூட்டருக்குள் போக, லேப்டாப்பில் கையால் முகவரி போட வேண்டிய வெட்டி வேலை சேரும். டிஹெச்சிபியை நிறுத்திய பிறகு லேப்டாப்பில் 169.254 என்று தொடங்கும் எண் வந்தால் அது பழுது அல்ல, நிறுத்தியது பலித்துவிட்டது என்பதற்கான அத்தாட்சி.

இனி கேபிள். கீழ்ப் பெட்டியின் லேன் போர்ட் ஒன்றிலிருந்து வரும் கேபிளை மாடி ரூட்டரின் லேன் போர்ட் ஒன்றில் செருகுங்கள். நிறம் மாறித் தனியாக இருக்கும் வான் போர்ட் காலியாகவே கிடக்கட்டும். இணையம் வரும் கேபிள் என்பதால் கை தானாக வான் போர்ட்டுக்குத்தான் போகும். அங்கே செருகினால் நான்கு வேலைகளில் முதலாவது மறுபடி உயிர் பெற்றுவிடும். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஒரே ஒரு கேபிள்தான் ஓட வேண்டும். வேகம் கூடும் என்று நினைத்து இரண்டாவது கேபிளையும் செருகினால் செய்திகள் வட்டமடித்துப் பெருகி முழு நெட்வொர்க்கும் சில நொடிகளில் முடங்கும். பழைய ரூட்டரின் போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தால் மாடியில் அதற்கு மேல் வேகம் வராது. 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறவர் இதைத் தெரிந்துகொண்டு, மாடிக்குப் பழையதே போதுமா, ஜிகாபிட் போர்ட் உள்ளது வேண்டுமா என்று முடிவு செய்யட்டும்.

இவ்வளவையும் ஒரே சொடுக்கில் செய்யும் வசதி இப்போதைய ரூட்டர்கள் பலவற்றில் இருக்கிறது. ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ என்ற பெயரில், பெரும்பாலும் சிஸ்டம் அல்லது ஆபரேஷன் மோட் பக்கத்தில் கிடைக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் டிஹெச்சிபி தானே நின்றுவிடும், வான் போர்ட்டும் இன்னொரு லேன் போர்ட்டாகிவிடும், எந்தப் போர்ட்டில் செருகினாலும் சரி. இருந்தால் இதையே பயன்படுத்துங்கள். கையால் செய்வதைக் காட்டிலும் தவறுக்கு இடம் குறைவு. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இந்த நிலையில் மாடி ரூட்டர் தன் முகவரியையும் கீழ்ப் பெட்டியிடமிருந்தே வாங்கிக்கொள்வது வழக்கம், ஆகவே பழைய எண்ணில் அட்மின் பக்கம் திறக்காது. கீழ்ப் பெட்டியின் இணைந்த கருவிகள் பட்டியலில் அதைக் கண்டுபிடித்து, அந்த எண்ணையே அதற்கு நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு இனிமேல்தான். வான் போர்ட்டிலேயே செருகி, மாடி ரூட்டரின் லேன் பக்கத்துக்கு 192.168.50.1 என்று முற்றிலும் வேறு தொகுதியைக் கொடுத்துவிட்டால் மோதலும் இல்லை, டிஹெச்சிபியை நிறுத்தவும் தேவையில்லை. இரண்டு சர்வர்களும் தனித்தனி நெட்வொர்க்கில் இருப்பதால் ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்காது. பல புதிய ரூட்டர்கள் வான் பக்கத்தில் தம் எண்ணே இருப்பதைக் கண்டால் இந்த மாற்றத்தைத் தாமே செய்துகொள்கின்றன. பிறகு ஏன் இவ்வளவு பாடு? இணையப் பக்கம் பார்க்க, படம் பார்க்க இது போதும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விலை வேறு இடத்தில் கொடுக்கிறோம். ஒரு வீடு இரண்டு நெட்வொர்க்காகப் பிளந்துவிடுகிறது. மாடியிலிருந்து கீழேயுள்ள டிவிக்குப் படத்தை அனுப்ப முயன்றால் ஃபோனில் டிவியின் பெயரே வராது; கருவிகள் ஒன்றையொன்று தேடும் அழைப்பு ரூட்டரைத் தாண்டிப் போவதில்லை. பிரிண்டருக்கும் இதே கதி. வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவை நேரடியாகப் பார்க்க போர்ட் திறந்துவிட்டிருந்தால் இப்போது இரண்டு இடத்தில் திறக்க வேண்டும். விளையாட்டுக் கன்சோல்கள் ‘டபுள் நாட்’, அதாவது இரட்டை முகவரி மாற்றம், என்று முறையிடும். முகவரிப் பற்றாக்குறையால் பல இணைப்பு நிறுவனங்கள் தம் பக்கத்திலும் ஒரு முகவரி மாற்றத்தைச் செய்கின்றன. அதற்கென்றே 2012-இல் 100.64 முதல் 100.127 வரையான தொகுதி ஒதுக்கப்பட்டது. கீழ்ப் பெட்டியின் வான் முகவரி அந்த எல்லைக்குள் இருந்தால் உங்கள் மாடி ஃபோன் ஏற்கெனவே மூன்று மாற்றங்களுக்குப் பின்னால் நிற்கிறது. அதில் ஒன்றையாவது குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

தனி நெட்வொர்க் சரியான விடையாக இருக்கும் இடங்களும் உண்டு. மாடியில் வாடகைக்கு இருப்பவரோடு இணைப்பைப் பகிர்ந்துகொள்கிறீர்கள், அல்லது அலுவலக வேலைக்கான கணினிகளை வீட்டுக் கருவிகளிலிருந்து பிரித்து வைக்க விரும்புகிறீர்கள் என்றால், பிளவுதான் உங்கள் நோக்கம். அங்கே இரண்டாவது ரூட்டர் ரூட்டராகவே இருக்கட்டும். ஆனால் திசையைப் பாருங்கள். இரண்டாவது ரூட்டர் தன் பின்னால் இருப்பவர்களைத்தான் காக்கிறது. கீழிருந்து மாடிக்குள் நுழைய முடியாது. மாடியிலிருந்து கீழே தாராளமாக வரலாம், ஏனென்றால் கீழ் நெட்வொர்க் அதற்கு இணையத்துக்குப் போகும் வழியில் இருக்கும் இடம். நம்பிக்கையில்லாத மலிவு கேமராக்களை ஒதுக்கி வைப்பதாக எண்ணிக்கொண்டு இரண்டாவது ரூட்டருக்குப் பின்னால் போடுகிறவர், அவற்றுக்குத் தன் முதன்மை நெட்வொர்க்கின் கதவைத் திறந்துவிட்டவர் ஆகிறார். வாடகைக்காரர் மாடியில் என்றாலும் இதே கணக்குதான்: பாதுகாக்கப்படுவது அவர், வீட்டுக்காரர் அல்ல. விருந்தாளிகளுக்கும் கேமராக்களுக்கும் கீழ்ப் பெட்டியிலேயே இருக்கும் கெஸ்ட் நெட்வொர்க் எளிது. மாடி ரூட்டரை ஆக்சஸ் பாயின்டாக மாற்றிய பிறகு அதன் கெஸ்ட் வசதியை நம்ப வேண்டாம். பல மாடல்களில் அது பெயரளவுக்குத்தான் பிரிக்கும்.

நல்ல ரூட்டராக ஒன்று வாங்கிவிட்டோம், அதையே முதன்மையாக வைக்க வேண்டும் என்பவருக்கு விதி தலைகீழாகப் பொருந்தும்: ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் நிலைக்கு மாற்றி, முதல் இரண்டு வேலைகளையும் புதியதிடம் ஒப்படைக்க வேண்டும். இதற்கு இணைப்பு நிறுவனத்தின் ஒத்துழைப்பும், பெரும்பாலும் பிபிபிஓஇ பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தேவை. பெட்டியிலிருந்து வரும் தரைவழித் தொலைபேசி இருந்தால் அது என்ன ஆகும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மெஷ் செட் வாங்குகிறவர்களும் இந்த விதிக்கு விலக்கல்ல. மெஷ் பெட்டிகள் தமக்குள் ஒற்றுமையாக இருக்கும். ஃபைபர் பெட்டியோடு சேரும்போது அவையும் இன்னொரு ரூட்டர்தான், ஆக்சஸ் பாயின்ட் நிலையில் வைக்காவிட்டால் இரட்டை மாற்றம் வந்துவிடும்.

வைஃபை பெயரில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. இரண்டு பெட்டிகளிலும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு வகை வைத்தால் ஃபோன் மாடிப்படி ஏறும்போது தானே மாறிக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனலை மட்டும் பிரித்து வையுங்கள், கீழே 1 என்றால் மாடியில் 6 அல்லது 11. ஒரே பெயர் வைப்பதில் முகவரிக் கணக்குக்கும் ஒரு சின்ன லாபம் உண்டு. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் ஃபோன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு போலி மேக் முகவரியைக் காட்டுகின்றன. பெயர் இரண்டாக இருந்தால் ஒரே ஃபோன் கீழ்ப் பெட்டியின் பதிவேட்டில் இரண்டு ஆளாக நின்று இரண்டு முகவரிகளைப் பிடித்துக்கொள்ளும்.

ஐபிவி6 வந்துவிட்டதே, இந்தத் தலைவலி இன்னும் எத்தனை நாளைக்கு என்ற கேள்வியும் நியாயமானது. அதில் கருவிகள் தம் முகவரியைத் தாமே அமைத்துக்கொள்கின்றன. இடம் அவ்வளவு பெரிது என்பதால் எண் மோதல் நடைமுறையில் வராது. ஆனால் வழிகாட்டும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி அங்கேயும் இருக்கிறது. ‘நான்தான் ரூட்டர்’ என்று நெட்வொர்க்கில் அறிவிக்கும் செய்தியை இரண்டு பெட்டிகள் அனுப்பினால் கருவிகள் தவறான வழியைப் பிடிக்க வாய்ப்புண்டு. கையால் டிஹெச்சிபியை நிறுத்தியவர்கள் மாடி ரூட்டரின் ஐபிவி6 பக்கத்துக்கும் ஒருமுறை போய், லேன் பக்கத்தில் அது எதையும் அறிவிக்காதபடி நிறுத்திவிட வேண்டும்.

அமைத்து முடித்த பிறகு இரண்டு நேரங்களில் இது கலையும். முதலாவது ரீசெட். யாராவது அந்தச் சின்ன ஓட்டையில் ஊசியை அழுத்திவிட்டால் மாடி ரூட்டர் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பி, பழைய எண்ணோடும் உயிர்பெற்ற டிஹெச்சிபியோடும் வீட்டுக்குள் நிற்கும். அட்மின் பக்கத்தில் அமைப்புகளைக் கோப்பாகச் சேமிக்கும் வசதி இருக்கும். இப்போதே ஒரு நகல் எடுத்து வையுங்கள், ரூட்டரின் அடியில் 192.168.1.2 என்று ஒரு ஸ்டிக்கரும் ஒட்டுங்கள். இரண்டாவது, இணைப்பு நிறுவனம் மாறுவது. புதிய பெட்டி 192.168.29.1 என்ற எண்ணோடு வந்தால் மாடியில் இணையம் எந்தத் தடையும் இன்றி ஓடும். ரூட்டராக இல்லாத ரூட்டருக்குத் தன் சொந்த எண் அட்மின் பக்கத்துக்கு மட்டுமே தேவை. அந்தப் பக்கம்தான் திறக்காது, ஏனென்றால் உங்கள் லேப்டாப் இப்போது 29 வரிசையில் இருக்கிறது, மாடி ரூட்டர் இன்னும் 1 வரிசையில் நிற்கிறது. லேப்டாப்பில் கையால் 192.168.1.50 என்று தற்காலிகமாகப் போட்டு உள்ளே போய், மாடி ரூட்டரின் எண்ணை 192.168.29.2 என்று மாற்றிவிட்டு, லேப்டாப்பை மறுபடி ‘தானாகப் பெறு’ நிலைக்குத் திருப்பிவிடுங்கள். புதிய பெட்டியின் டிஹெச்சிபி எல்லையை அதற்கு முன்பே சுருக்கியிருக்க வேண்டும்.